லஞ்சத்தைக் கொடுத்துவிட்டு வீடியோவோடு வராதீர்கள்

போன வாரமும் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். மஞ்சப்பையில் பத்திர நகல், வரி ரசீது, பழைய சிட்டா எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். "தம்பி, இதை மட்டும் டிவியில போட்டுடுங்க, மத்தது தானா நடக்கும்" என்று போனை நீட்டினார். பட்டா மாறுதலுக்குப் பணம் கொடுக்கிற வீடியோ. சட்டைப் பையில் போனை வைத்து எடுத்தது. முக்கால்வாசி நேரம் மின்விசிறிதான் தெரிகிறது. கடைசியில் ஒரு கை நோட்டுகளை ஃபைலுக்கு அடியில் தள்ளுகிறது. முகம் இல்லை. எப்போது கொடுத்தீர்கள் ஐயா என்றேன். "ரெண்டு மாசம் ஆச்சு."

உள்ளூர் டிவியில் பதினாறு வருஷமாகப் புலனாய்வுச் செய்திதான் என் வேலை. இந்த "டிவியில் வந்தால் போதும்" என்ற நம்பிக்கையோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நாங்கள் போலீஸ் இல்லை. எங்கள் மைக் சம்மன் இல்லை. செய்தி போன அன்று ராத்திரி பரபரப்பாக இருக்கும். அப்புறம் அந்த அலுவலர் வேறு மேசைக்கு மாறுவார். உங்கள் மனு பழைய மேசையிலேயே கிடக்கும்.

அதைவிட முக்கியம், 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தேன் என்றால், கொடுத்த 7 நாளுக்குள் போலீஸிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லியிருக்க வேண்டும். செய்தியாளரிடம் சொன்னது அந்தக் கணக்கில் சேராது. நீங்கள் ஆதாரம் என்று கொண்டுவரும் வீடியோவில் பணம் கொடுப்பது நீங்கள்!

அதனால் பணம் கேட்ட அன்றே, கொடுக்கும் முன்பே, லஞ்ச ஒழிப்புப் போலீஸிடம் போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்களுக்கு உதவியாகப் பணம் கொடுப்பவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. நோட்டு எண்களை எழுதிக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாகும். அந்தக் கண்ணாடிக் குப்பி, எங்கள் அரை மணி நேர நிகழ்ச்சியை விட வலுவான சாட்சி.

வீடியோ எடுத்துவிட்டீர்களா? சரி. எடுத்த போனைத் தயவுசெய்து விற்காதீர்கள், மாற்றாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகலை வைத்து நான் என்ன செய்வது? 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (பதிவு மாறவில்லை என்று காட்டும், கைரேகை போன்ற குறியீடு) வரை கேட்கிறார்கள். வெட்டாத முழுப் பதிவு கேட்டால் கோபப்படாதீர்கள். 2007-ல் டெல்லியில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை மேல் ஒரு சேனல் ரகசியக் கேமரா செய்தி போட்டது. கூட்டம் அவரை அடித்து உடையைக் கிழித்தது. அந்தச் செய்தியே ஜோடிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு எடிட் அறையில் கை தயங்கும்.

இன்னொன்று. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள்: என் மனு எந்தத் தேதியில் வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது. பதில் தர 30 நாள் கெடு. நான் செய்த நல்ல செய்திகளில் பாதி, ரகசியக் கேமராவில் அல்ல, இப்படி வந்த பதில்களில் கிடைத்தவை.

அந்தப் பெரியவரின் வீடியோவை நான் ஒளிபரப்பவில்லை. அன்றே ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பிவைத்தேன். வீடியோ எடுத்த பழைய போன் இப்போது பேரனிடம் இருக்கிறதாம். ஃபார்மேட் பண்ணிவிட்டானா என்று கேட்டுச் சொல்வதாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.