இலையில் ஓட்டை விழட்டும்

"தம்பி, நீங்க வெச்ச கறிவேப்பிலையில இலையே மிச்சமில்ல. பச்சைப் புழு மேயுது. என்ன மருந்து அடிக்கணும்?"

அல்சூரில் நான் தோட்டம் அமைத்துக் கொடுத்த வீட்டு அம்மா போனில் கேட்டார். "மருந்து வேண்டாம்மா, ரெண்டு வாரம் பொறுங்க" என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. ரசத்துக்குக் கிள்ளுகிற செடியாயிற்றே.

பெங்களூரில் எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். மண்ணுக்குரிய செடி வைத்தால் பட்டாம்பூச்சி வரும் என்றால் எல்லோருக்கும் சந்தோஷம். அது வருவதே முட்டையிடத்தான், முட்டையிலிருந்து வரும் புழு இலையைத்தான் தின்னும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஆகவே இப்போதெல்லாம் வரைபடம் காட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: இலை கடிபடும், கடிபடத்தான் வைக்கிறோம்.

அவர் பார்த்தது காமன் மார்மன் என்ற கறுப்புப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னதில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். கறிவேப்பிலை, எலுமிச்சை குடும்பத்தைத் தவிர வேறு செடி அதற்கு ஆகாது. இப்படி ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் ஒரு செடி வீடு உண்டு. பிளெயின் டைகருக்கு எருக்கு, காமன் எமிகிரண்டுக்குச் சரக்கொன்றை. கிரிம்சன் ரோஸ் ஈஸ்வரமூலிக் கொடியில் முட்டையிடும். அந்தக் கொடியின் நஞ்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதை ஒதுக்கிவிடும். மற்ற புழுக்களைத் தையல்சிட்டு தன் குஞ்சுகளுக்குக் கொண்டுபோகும். தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சிதான் ஊட்டுகிறது. புழுவுக்கு மருந்தடித்தால் இந்தக் கூடுகளும் பட்டினி கிடக்கும். அந்த இலை நம் ரசத்திலும் விழும்.

புல்தரைக்குப் பதில் மண்ணுக்குரிய செடி வைக்கச் சொல்வதற்குத் தண்ணீர் இன்னொரு காரணம். 2,000 சதுர அடி புல்தரைக்குக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 900 லிட்டரைத் தாண்டும். வாரத்துக்கு 6,000 லிட்டர் டேங்கர் ஒன்று புல்லுக்கு மட்டும். காவிரித் தண்ணீர் நமக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தாண்டி, மேடேறி வருகிறது. 2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீர் பாய்ச்சக்கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் நான் போட்ட புல்தரைகள் கண்ணெதிரே வைக்கோலாயின. பக்கத்திலேயே ஆவாரம் மஞ்சளாகப் பூத்து நின்றது. புங்கை வழக்கம்போல இலை உதிர்த்து, சில நாள் மொட்டையாக நின்று, மழைக்குக் காத்திராமல் தளிர் விட்டது. அதற்குப் பிறகு, குழந்தைகள் விளையாடும் இடத்தைத் தவிர வேறெங்கும் நான் புல்தரை போடுவதில்லை.

அதற்காக வெளியூர் மரத்தையெல்லாம் வெட்டச் சொல்லவில்லை. 1908-ல் லால்பாக் தோட்டத்துக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் கிரும்பிகல், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு மரம் பூத்திருக்கும்படி இந்த ஊரில் மரங்கள் வைக்கத் திட்டமிட்டார். அந்த நிழலில்தான் நாம் நடக்கிறோம். புதிதாக வைப்பதை மட்டும் யோசித்து வையுங்கள் என்கிறேன்.

சின்ன இடமா? நந்தியாவட்டை, இட்லிப்பூ, ஆவாரம் போதும். புங்கை, மகிழம் எல்லாம் சுவரை விட்டுத் தள்ளித்தான். ஆலும் அரசும் வீட்டு மனைக்கு வேண்டவே வேண்டாம். நம்மூர்ச் செடிதானே என்று வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. வேர் இறங்கும் வரை, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் விட்டே ஆகவேண்டும். ஜூன், ஜூலை மழையில் நட்டால் பாதி வேலை மிச்சம்.

அல்சூர் அம்மாவின் செடி மறுபடி துளிர்த்துவிட்டது. வேரிலிருந்து கிளம்பிய பக்கக்கன்று ஒன்றைப் பெயர்த்துக் கொல்லையில் நட்டிருக்கிறார். வாசல் செடியில் புழு தெரிந்தால் காம்போடு கிள்ளி, அங்கே கொண்டுபோய் விடுகிறார்.