லேப் சாவி யாரிடம் இருக்கிறது?

ஒரு பள்ளியில் டிஜிட்டல் கல்வி நடக்கிறதா என்று பார்க்க, கணினிகளை எண்ண வேண்டியதில்லை. லேப் சாவி எங்கே என்று கேட்டால் போதும். தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் என்று பதில் வந்தால், ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் அந்த லேப் திறக்கிறது என்று அர்த்தம். ஒரே ஓர் ஆசிரியரிடம் என்றால், அவர் விடுப்பு எடுக்கும் நாளில் லேபும் விடுப்பு எடுக்கிறது.

தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்துவிட்டது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பொருள்கள் ஓரளவு வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை வகுப்போடு இணைக்கும் கால அட்டவணையைப் போட வேண்டியவர் ஹெச்.எம். தான்.

பெரும்பாலான பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு லேப் பீரியட் என்று போட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 நிமிட பீரியடில் 40 பிள்ளைகள் மைதானத்தைக் கடந்து வந்து, செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, லாகின் செய்ய 10 நிமிடம் ஆகும். மூடிவிட்டுக் கிளம்ப 5. கையில் மிஞ்சுவது 30 நிமிடம், அதிலும் நாலு கணினிகள் உயிர் பெற மறுக்கும். அதனால் வாரம் ஒரு பீரியட் என்பதைவிட, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு பீரியட் மேல். லேப் நேரம் அதேதான், ஆனால் வந்து போகும் 15 நிமிடம் ஒருமுறைதான் வீணாகும்.

20 கணினி, 40 மாணவர் என்றால் கணினிக்கு இருவர். இங்கேதான் பலரும் கவனிக்காத ஒன்று நடக்கிறது. துணிச்சலான பிள்ளை மவுஸைப் பிடித்துக்கொள்ளும். மற்றது வருஷம் முழுக்க வேடிக்கை பார்க்கும். வேடிக்கை பார்ப்பது அநேகமாக யார் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து இடம் மாற்றுங்கள். மவுஸ் இல்லாதவர் கையில் ஒரு தாளும் நிரப்ப வேண்டிய கேள்விகளும் இருக்கட்டும்.

வீடியோ போடுவதை மட்டும் டிஜிட்டல் வகுப்பு என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. இதய வால்வு திறந்து மூடுவதைக் கரும்பலகையில் காட்ட முடியாது, அதற்கு வீடியோ வேண்டும். இருபடிச் சமன்பாட்டுக்குச் சாக்பீஸ்தான் வேகம். 12 நிமிட வீடியோவை ஒரே மூச்சில் ஓட்டினால் பின்வரிசை தூங்கிவிடும். நாலு நிமிடத்தில் நிறுத்தி, ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். முந்தைய நாளே பென் டிரைவில் இறக்கி வைக்காமல் இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகாதீர்கள்.

பராமரிப்பு என்றதும் பெரிய செலவு என்று பயப்படுகிறார்கள். லேபை முடக்குபவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். யுபிஎஸ் பேட்டரி, எலி, ஹெட்போன். மே மாதம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அறையில் லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இறங்கி, தகடுகளில் சல்பேட் படிந்து செத்துப்போகும். விடுமுறையிலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது போய் சார்ஜ் ஏற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தையும் பார்க்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. கேபிள் நுழையும் ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்தாலே எலித் தொல்லை பாதி தீரும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒவ்வொரு கணினிக்கும் பெயின்ட்டில் ஒரு எண் எழுதுங்கள். ‘ஜன்னல் பக்கத்து சிஸ்டம் ஓடலை’ என்ற புகார் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ‘7, கீபோர்டு, ஜூலை 3’ என்பது ஏறும்.

தமிழ்த் தட்டச்சைக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகள் குறைவு என்பது தனி வருத்தம். பிள்ளைகள் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிக்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சில வாரத்தில் பழகிவிடும். உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நாலு தட்டு போதும். முதல் ‘ம’வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளை விடாது.

அடுத்தது வீட்டுப்பாடம். வீட்டில் போன் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். அது எத்தனை மணிக்குப் பிள்ளையின் கைக்கு வருகிறது என்று கேளுங்கள். அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, அண்ணன் பார்த்து முடித்த பிறகு, டேட்டா மிச்சமிருந்தால். க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து பார்த்து வரச் சொல்லும் பாடத்துக்கு மறுநாள் காலை கெடு வைத்தால், போன் கிடைக்காத பிள்ளைக்குத்தான் அடி விழும். குறைந்தது மூன்று நாள் கொடுங்கள். அதே வேலையைப் பள்ளி லேபில் மாலை அரை மணி நேரம் செய்ய ஒரு வழியும் வையுங்கள்.

இப்போது ஏஐ. மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு பக்கக் கட்டுரை கேட்டால் சாட்ஜிபிடி சில விநாடிகளில் எழுதித் தரும். ஏஐ எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் செயலிகளை நம்பி ஒரு பிள்ளையைத் திருடன் ஆக்காதீர்கள். சொந்தமாக எழுதியதையும் அவை தவறாகக் காட்டுவதுண்டு. கேள்வியை மாற்றுவதே வழி. நம் பள்ளிக் கூரையின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து வா, 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்று கேளுங்கள். கூரை 200 சதுர மீட்டர் என்றால் 10,000 லிட்டர் விழும்; தெறித்தும் உறிஞ்சியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 8,000. கணக்கை ஏஐ போட்டுக் கொடுக்கட்டும், டேப்பை யார் பிடிப்பது? பிறகு இரண்டு நிமிடம் நிற்க வைத்து, ‘ஏன் கழித்தாய்?’ என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கடைசியாக, தலைமையாசிரியர்கள் தடுமாறும் இடம். ஒரு மாணவியின் படத்தை ஆபாசமாக மாற்றி யாரோ பரப்பியிருக்கிறார்கள் என்று புகார் வருகிறது. பதற்றத்தில் முதலில் செய்வது, ‘அந்தப் படத்தை எனக்கு அனுப்பு’ என்பது. அடுத்து ஆசிரியர்கள் குரூப்பில் போடுவது. இரண்டுமே தப்பு. 18 வயதுக்கு உட்பட்டவரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் சட்டச் சிக்கல். கணக்கின் பெயர், இணைப்பு, பார்த்த நேரம் ஆகியவற்றை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெண்ணைத் தனியே, அவள் நம்பும் ஆசிரியை முன்னிலையில் கேளுங்கள். பலர் கூடி விசாரிக்க வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. பள்ளிப் பெயர் கெடும் என்று மூடிமறைத்தால் தண்டனை உண்டு.

மாணவரிடம் பிடிபடும் போனை அவர் கண்ணெதிரிலேயே அணைத்து, உறையில் போட்டுப் பெயர் எழுதி, அன்றைக்கே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். கேலரியைத் திறந்து பார்ப்பது ஆசிரியர் வேலை அல்ல. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதும்படி வைத்தால் இரவு நேர அரட்டை நிற்கும். ஆனாலும் பெற்றோர் எண்கள் எல்லாருக்கும் தெரியும் என்பதால், இதையெல்லாம் எஸ்எம்சி எனும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை பேசி முடிவெடுப்பது நல்லது.

குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள், பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.