ஊசி புதுசு, கரைச்ச தண்ணி யாருது?

எச்.ஐ.வி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்கு வரும், போதை ஊசி போடும் பையன்களிடம் "ஊசி மாத்திப் போட்டீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "இல்ல சார், ஆளுக்கொரு ஊசிதாம் வாங்குனோம்." பொய்யில்லை. ஆனால் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, "மாத்திரையை எதுல கரைச்சீங்க?" என்பது. ஒரே பாட்டில் மூடி, ஒரே தண்ணீர், வடிகட்ட ஒரே பஞ்சு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

தமிழ்நாட்டில் 'போதை ஊசி' என்று அடிக்கடி செய்தியில் அடிபடுவது ஹெராயின் அல்ல. டேபென்டடால் போன்ற வலி மாத்திரை. விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் மருந்தோடு டால்க், மாவு, செல்லுலோஸ் எல்லாம் சேர்ந்திருக்கும். இவை தண்ணீரில் கரையாது. நரம்பில் ஏற்றினால் நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். கை நரம்பு கயிறு மாதிரி இறுகும், சீழ் கட்டும். குறி தப்பித் தமனியில் ஏறிவிட்டால் விரல்கள் கறுத்து அழுகவும் கூடும்.

எச்.ஐ.வி நுழைகிற வழியும் இந்தக் கரையாத தன்மையில்தான் இருக்கிறது. மூடியில் கசடு மிச்சமிருக்கும். மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி உறிஞ்சுவார்கள். நரம்பு கிடைத்ததா என்று பார்க்கப் பிஸ்டனை லேசாக இழுக்கும்போது ரத்தம் சிரிஞ்சுக்குள் வந்துவிடும். அதே சிரிஞ்ச் இரண்டாம் முறை மூடிக்குள் போனால் அடுத்தவன் புத்தம் புதுச் சிரிஞ்சில் எடுப்பது முதல்வனின் ரத்தம் கலந்த தண்ணீரைத்தான். சிரிஞ்சின் அமைப்புக்கும் இதில் பங்குண்டு. ஊசியைக் கழற்றி மாட்டும் சாதாரண சிரிஞ்சில் பிஸ்டனை முழுதும் அழுத்திய பிறகும் சுமார் 80 மைக்ரோலிட்டர் உள்ளே தங்கும். ஊசி ஒட்டியே வரும் இன்சுலின் சிரிஞ்சில் தங்குவது ஏறக்குறைய 2 மைக்ரோலிட்டர். ஊசியை மட்டும் மாற்றிவிட்டுச் சிரிஞ்சை வைத்துக்கொள்வது ஏன் ஆபத்து என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

வலி மாத்திரையால் ஒரு ஊரே என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே ஸ்காட் மாவட்டத்தில் ஆஸ்டின் என்றொரு சிற்றூர். மக்கள் தொகை சுமார் 4,200. ஆக்ஸிமார்போன் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடும் வழக்கம் பரவி, 2015 முடிவதற்குள் 180 பேருக்கு மேல் எச்.ஐ.வி உறுதியானது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது. நம் நாட்டில் மணிப்பூரில் 1989, 90 வாக்கில் ஹெராயின் ஊசியால் நடந்ததும் இதே கதைதான்.

"நம்ம வெயிலுக்குக் கிருமி தாங்குமா?" என்பார்கள். பாதி உண்மை. யேல் பல்கலைக்கழக ஆய்வில், குளிர்ந்த இடத்தில் வைத்த சிரிஞ்சுகளில் 42 நாள் கழித்தும் உயிருள்ள வைரஸ் கிடைத்தது. 27 முதல் 37 டிகிரி வெப்பத்தில் வைத்தவற்றில் ஒரு வாரத்துக்குப் பிறகு கிடைப்பது நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு. ஆனால் மூடி கைமாறுவது ஒரு வாரம் கழித்தா? இரண்டு நிமிடத்தில். அதற்குள் சித்திரை வெயில் ஒன்றும் செய்துவிடாது. ஹெபடைடிஸ் சி வைரஸோ இதைவிட நாள்பட நிற்கும்.

தொற்று உள்ளவரோடு ஒருமுறை ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி வரும் வாய்ப்பு 10,000-க்கு 63 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும். நூறு தடவை சேர்ந்தால் அது 47 சதவீதம். நாளுக்கு மூன்று நான்கு முறை போடுகிறவனுக்கு நூறு என்பது ஒரு மாதம். புதிதாகத் தொற்றியவர் கூட்டத்தில் இருந்தால் இன்னும் மோசம். முதல் சில வாரங்களில்தான் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். அப்போது வரும் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பை டெங்கு என்று நினைத்து விட்டுவிடுவது சகஜம். ரத்தப் பரிசோதனையும் அந்தச் சமயத்தில் 'இல்லை' என்றே காட்டலாம். அதனால் கடைசியாகப் பகிர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது கட்டாயம்.

போதைப் பொருளே எய்ட்ஸை உண்டாக்குகிறது, வைரஸ் இல்லை என்று ஒரு வாதம் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 1993-ல் நேச்சர் இதழில் வெளியான சான் பிரான்சிஸ்கோ ஆய்வு அதை முடித்துவைத்துவிட்டது. போதை எடுத்தும் எச்.ஐ.வி இல்லாத ஆண்களுக்கு எய்ட்ஸ் வரவில்லை.

பகிர்ந்துவிட்ட மறுநாளே விஷயம் புரிந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும். தேவை என்று அவர் முடிவு செய்தால் தடுப்பு மருந்து 28 நாள், விடாமல். பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏஆர்டி மையம், அதாவது எச்.ஐ.விக்கு மருந்து தரும் மையம், இருக்கிறது. ஏற்கெனவே தொற்று உள்ளவர்கள் தினமும் விழுங்கும் டோலுடெக்ராவிர் அடங்கிய மாத்திரையோடு அலுமினியம், மெக்னீசியம் கலந்த அசிடிட்டி மருந்தையோ, இரும்பு, கால்சியம் மாத்திரையையோ சேர்த்து எடுக்கக் கூடாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பே டோலுடெக்ராவிரைப் போட வேண்டும், இல்லையென்றால் ஆறு மணி நேரம் கழித்து.

பழக்கத்தை விடுவதற்கு நாக்கடியில் வைக்கும் பூப்ரினார்ஃபின் உதவும். இதுபோன்ற மாற்று மருந்துச் சிகிச்சையால் எச்.ஐ.வி ஆபத்து பாதிக்கு மேல் குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. மூக்கொழுகல், கொட்டாவி, கால் குடைச்சல் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை. அவசரப்பட்டு முன்பே கொடுத்தால் அவஸ்தை இரட்டிப்பாகும். போதை ஊசியை இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி போட்டால் மூச்சு நின்றுவிடலாம். வீட்டார் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். வழி கேட்க 14446, எச்.ஐ.வி பற்றிக் கேட்க 1097, இரண்டும் இலவசம்.

"அவனுக்குத் தெரியாம ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. முடியாதும்மா. பையனுக்கு 18 வயது ஆகியிருந்தால் அவன் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. முடிவையும் அவனிடம்தான் சொல்வோம். கையிலிருக்கும் சீழ்ப்புண்ணுக்குக் கட்டுப்போட என்று கூட்டிவாருங்கள். அதற்கென்றால் அநேகமாக வந்துவிடுவார்கள்.