கலங்கினால் போதுமா?

ரைசோபியத்தை வீட்டிலேயே பெருக்கிவிட்டதாகச் சொல்லி எங்கள் ஆய்வகத்துக்கு இந்த மாதத்தில் வந்த நான்காவது கேன் இது. ரைசோபியம் என்பது பயறுச் செடிகளின் வேரில் தங்கி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பிடித்துத் தரும் பாக்டீரியா. ஐந்து லிட்டர் வெள்ளை கேன், வயிறு உப்பி, மேசையில் நிற்க முடியாமல் ஆடியது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று. அழுகின முட்டை வாடை. கொண்டுவந்தவர் முகத்தில் மட்டும் பெருமை தாங்கவில்லை. "ஏரியில கிடந்த ஆகாயத்தாமரைய வேக வச்சு, வெல்லம் போட்டு, உங்க ரைசோபியம் பாக்கெட்டைக் கலந்தேன் மேடம். மூணே நாள்ல எப்படிக் கலங்கியிருக்கு பாருங்க!"

பார்த்தேன். காங்கோ ரெட் சாயம் கலந்த, கிருமி வளர்க்கும் தட்டில் ரைசோபியம் வெள்ளையாக, சளி சளியாக வளரும். அப்படி ஒரு திட்டுகூட இல்லை. நுண்ணோக்கியில் தெரிந்ததெல்லாம் வித்து கட்டிய குச்சிக் கிருமிகள்.

யோசனை தப்பில்லை. இந்தக் களையில் பாக்டீரியாவுக்கு வேண்டிய சத்து இருக்கிறது. ஆனால் கலங்கினால் வளர்ந்தது நம்ம ஆள்தான் என்று யார் சொன்னது? பால் திரிந்தாலும்தான் கெட்டியாகிறது, அதைத் தயிரென்று பந்தியில் வைப்பீர்களா? 100 டிகிரியில் கொதித்தாலும் பேசில்லஸ் போன்ற குச்சிக் கிருமிகளின் வித்துகள் சாகாது. ஆறியதும் முளைத்து, ஒரே ராத்திரியில் கேனைப் பிடித்துக்கொள்ளும். ரைசோபியம் நிதானப் பேர்வழி. அதற்குக் காற்றும் வேண்டும். இறுக மூடிய கேன் உப்புகிறது என்றாலே உள்ளே வேறு யாரோ குடியேறிவிட்டார்கள். திரவ உயிர் உரத்தில் மில்லிக்கு 10 கோடி உயிரணுக்களாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கண்ணால் எண்ண முடியாது.

இன்னொன்று. ஆகாயத்தாமரை ஈயம், காட்மியம், குரோமியம் எல்லாவற்றையும் உறிஞ்சும், வேரில்தான் அதிகம் சேர்த்துவைக்கும். எத்தனை கொதி விட்டாலும் உலோகம் போகாது. சாக்கடையோ, தோல் ஆலை, சாயப்பட்டறைத் தண்ணீரோ சேரும் ஏரியென்றால் அந்தச் செடியைத் தொடவே வேண்டாம்.

நல்ல தண்ணீர்ச் செடிதானா? சரி, வேரை வெட்டி எறியுங்கள். சாற்றை பாட்டிலில் பாதி ஊற்றிப் பஞ்சடைத்து, குக்கரில் வெயிட் போட்டு அரை மணி நேரம் வையுங்கள். 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி வரும். அப்புறம், தயவுசெய்து ஒரு பாட்டிலில் மட்டும் ரைசோபியம் கலக்காமல் தனியே வையுங்கள். அதுவும் கலங்கினால் பழைய கிருமி சாகவில்லை என்று அர்த்தம், மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

அவரிடம் கடைசியாக, என்ன விதைக்கிறீர்கள் என்று கேட்டேன். உளுந்தாம். அந்த 200 கிராம் பாக்கெட்டை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி உலர்த்தியிருந்தால் அன்றைக்கே விதைத்திருக்கலாம்.