இடது 7, வலது 8

ராணுவப் பயிற்சி மையம் ஒன்றின் எம்.ஐ. ரூமில் (மருத்துவப் பரிசோதனை அறை) டாக்டராக இருந்த நாட்களில், சிக் ரிப்போர்ட் வரிசையில், அதாவது உடம்பு சரியில்லை என்று வந்து நிற்கும் பையன்களின் முகத்தைப் பார்க்கும் முன் பூட்ஸைத்தான் பார்ப்பேன். பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

ஒருமுறை புது பேட்ச் வந்து சேர்ந்தபோது, 7, 8 அளவு பூட்ஸ் தேவைப்பட்ட இடத்தில் 6-ம் 10-ம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. இருந்ததை வைத்துக் கொடுத்து முடித்தார்கள். "முதல்ல கையெழுத்துப் போடு, அப்புறம் மாத்திக்கலாம்" என்றது ஸ்டோர். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஆறாவது வாரம் ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். பூட்ஸைக் கழற்றி எண்ணைப் பார்த்தேன். இடது 7, வலது 8. நம் அளவுமுறையில் ஓர் எண்ணுக்கு நீளத்தில் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். வலது பூட்ஸின் நுனியில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்திருந்தான். ஏன் சொல்லவில்லை என்றால், "உஸ்தாத் திட்டுவார் சார்." உஸ்தாத் என்றால் பயிற்சி கொடுப்பவர். அதைவிடப் பெரிய பயம், ரெலிகேட் ஆகி அடுத்த பேட்சில் தள்ளப்படுவது.

பாதத்தின் மேல்புறம், இரண்டாவது விரலுக்குப் பின்னால் ஒரே ஒரு இடத்தை அழுத்தினேன். துள்ளிவிட்டான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இந்த மாதிரி எலும்புக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பிடிபடாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். மார்ச் ஃபிராக்சர் என்பார்கள். பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்தாவுப்ட் சிப்பாய்களின் பாதத்தில் இதனால் வரும் வீக்கத்தைப் பார்த்து எழுதியது 1855-ல். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட இன்னும் 40 வருடம் இருந்தது! வலி இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பூட்ஸ் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பழக்கமில்லாத காலில் திடீரென ஏறும் ஓட்டமும் சுமையும்தான் முதல் காரணம். பொருந்தாத பூட்ஸ் அதோடு சேர்ந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

சேரப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்வது இது. பூட்ஸ் வாங்கினால் இரண்டிலும் எண்ணைப் பாருங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும்போது, கொடுத்த சாக்ஸோடு போட்டு நின்று பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், நடக்கும்போது குதிகால் பூட்ஸுக்குள் மேலே எழும்பக் கூடாது. ஒரே புள்ளியில் வலி, நாளுக்கு நாள் ஓட்டத்தில் சீக்கிரமே ஆரம்பிக்கிறது என்றால் அன்றே எம்.ஐ. ரூம் போய்விடுங்கள். கீறலாக இருக்கும்போதே ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். மறைத்து ஓடி எலும்பு முழுசாக உடைந்தால் மாதக்கணக்கு.

அந்தப் பையனை அனுப்பிவிட்டு டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. இவனிடம் இப்படி ஒரு ஜோடி இருந்தால், இடது 8, வலது 7 வேறு யாரிடமோ இருக்க வேண்டும். பையன்கள் தங்கும் கட்டடங்களில் பேரக் பேரக்காகத் தேடச் சொன்னேன். மூன்றாவது பேரக்கில் கிடைத்தான். வலது பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. அவனும் யாரிடமும் சொல்லவில்லை.