சீரசைவு: 'ஸ்டீரியோடைப்பி'க்கு ஒரு தமிழ்ச்சொல்

தூங்குவதற்கு முன் குழந்தை கையையும் முழங்காலையும் ஊன்றி முன்னும் பின்னும் ஆடுகிறது. கட்டில் விடாமல் கிறீச் கிறீச் என்கிறது. இன்னொரு குழந்தை தலையணையில் தலையை இடமும் வலமும் உருட்டும்; சில குழந்தைகள் நெற்றியைச் சுவரில் மோதிக்கொள்ளும். இதை மருத்துவர் 'ஸ்டீரியோடைப்பி' என்று எழுதிக் கொடுத்தால் பெற்றோருக்கு வயிற்றைக் கலக்கிவிடும்.

சொல் பிறந்ததோ அச்சுக்கூடத்தில். கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது, 'டைப்போஸ்' என்றால் அச்சுப் பதிவு. 1790களில் ஃபிர்மான் தீதோ என்ற பிரெஞ்சு அச்சகர், கோத்த எழுத்துகளை ஒரே தகடாக வார்த்து அச்சிடும் முறைக்கு இந்தப் பெயரை வைத்தார். எத்தனை முறை அழுத்தினாலும் அதே பக்கம்தான் விழும். மாறாமல் திரும்பத் திரும்ப வருவது என்ற அந்தப் பொருளே மருத்துவத்துக்கும் போனது. தூக்கத்தை ஒட்டி வரும் தலையாட்டத்துக்குத் தனிப்பெயர் உண்டு: 1905இல் வியன்னா மருத்துவர் ஜூலியஸ் சாப்பர்ட் வைத்த 'ஜாக்டாஷியோ கேபிடிஸ் நாக்டர்னா'. லத்தீனில், இரவில் தலையை வீசி வீசி ஆட்டுதல்.

சரி, தமிழில்? 'ஒரேமாதிரி இயக்கம்' என்றால் பொருள் தவறில்லை. ஆனால் இயந்திரத்தைச் சொல்வது போல இருக்கிறது. குழந்தையின் ஆட்டத்தில் தாளம் இருக்கிறதே! நம்மிடம் 'அசை' இருக்கிறது. உடல் அசைவதும் அசை, மாடு மென்றதையே மெல்வதும் அசை, செய்யுளில் நேரும் நிரையும் அசை. அசை சேர்ந்தால் சீர். ஆகவே 'சீரசைவு' என்பதே என் தேர்வு. 'செங்கீரை' பொருந்தாதா என்று கேட்கலாம். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதக் குழந்தை ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலை நிமிர்ந்து ஆடும் அழகான பருவம் அது. ஆனால் அது பருவத்தின் பெயர், பழக்கத்தின் பெயர் அல்ல.

இதை 'வலிப்பு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்பது மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு சீரசைவு உண்டு. ஐந்து வயதில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குக் குறைந்துவிடும். விழித்திருக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலோ பொம்மையைக் காட்டினாலோ பெரும்பாலும் நின்றுவிடும், அப்புறம் மறுபடி தொடங்கும். கூப்பிட்டும் தொட்டும் நிற்காவிட்டால், காயம் பட்டால், அல்லது வந்த பேச்சு குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆடும்போது செல்பேசியில் எடுத்த காணொளி கையில் இருந்தால் அவருக்கு அது பெரிய உதவி.