ஆற்று ஓங்கில்: டால்பினுக்கும் பார்ப்பாய்ஸுக்கும் தமிழில் என்ன பெயர்?

இந்திய ஆறுகளில் 6,327 டால்பின்கள் இருப்பதாக 2025 மார்ச்சில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. அவற்றில் மூன்று மட்டும் பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் தங்கிவிட்ட சிந்து டால்பின்கள். மற்றவை கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளையும் அவற்றின் கிளைகளையும் சேர்ந்தவை. இந்த ஒரே செய்தியில் மூன்று சொற்கள் விளக்கம் கேட்கின்றன: டால்பின், ஆற்று டால்பின், கணக்கெடுப்பு.

டால்பின் கிரேக்கத்திலிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்த சொல். கிரேக்கத்தில் ‘டெல்ஃபிஸ்’. கருப்பைக்கு அம்மொழியில் ‘டெல்ஃபுஸ்’ என்று பெயர். இரண்டும் உறவுச் சொற்கள். முட்டையிடாமல் குட்டி போட்டுப் பால் கொடுப்பதை அன்றே கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமோ இன்றும் ‘டால்பின் மீன்’ என்கிறோம்!

தமிழில் இதற்கு ஓங்கில் என்ற சொல் இருக்கிறது. கடலோரத்தில் ஓங்கல் என்றும் சொல்வார்கள். ‘ஓங்கு’ என்ற வினையோடு சேர்த்துப் பார்த்தால் பொருள் தானாக விளங்கும்: நீரைக் கிழித்து மேலே எழும்பும் விலங்கு. கடல் டால்பினுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கங்கை டால்பினைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பெயர் கொஞ்சம் நெருடும். அது எப்போதாவதுதான் துள்ளும். கலங்கிய நீரில் ஒரு சாம்பல் நிற முதுகு, சில சமயம் கிடுக்கி போல் நீண்ட மூக்கு, ‘சூ’ என்று ஒரு மூச்சு, ஓரிரு நொடிதான், உள்ளே போய்விடும். முதுகுத் துடுப்பு என்று சொல்ல ஒரு சிறு மேடுதான் உண்டு. கண்ணில் வில்லை கிடையாது. வெளிச்சம் தெரியலாம், உருவம் தெரியாது. தானே எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டுத்தான் இரை தேடுகிறது. இந்தியில் சூன்ஸ், வங்காளத்தில் ஷுஷுக் என்பவை அந்த மூச்சொலியிலிருந்து வந்த பெயர்கள் என்பது பரவலான விளக்கம். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சமஸ்கிருதத்தில் இதே விலங்குக்கு ‘சிசுமாரம்’ என்ற பழைய பெயர் உண்டு. அது தேய்ந்து சூன்ஸ் ஆனது என்ற விளக்கமே எனக்கு வலுவாகப் படுகிறது. சிசுமாரம் என்றால் குழந்தையைக் கொல்வது என்று பொருள்படும். சின்ன மீன்களைத் தின்று வாழும், கண் தெரியாத பிராணிக்கு இப்படி ஒரு பழி!

‘ஆற்று ஓங்கில்’ என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கங்கை, அமேசான், யாங்சி ஆகிய ஆறுகளின் ஓங்கில்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. தனித்தனியாக ஆற்று வாழ்வுக்குப் பழகியவை. ஆக இது வாழும் இடத்தைச் சொல்லும் பெயர், உறவைச் சொல்லாது. ஐராவதி ஓங்கில் ஆற்றிலும் வாழும், ஒடிசாவின் சிலிகா போன்ற உவர் ஏரியிலும் வாழும். குடும்பமோ கடல் ஓங்கில் குடும்பம்.

சரி, ஓங்கிலின் உறவுக்கார விலங்கான பார்ப்பாய்ஸ்? லத்தீனில் பன்றி, மீன் என்ற இரு சொற்கள் ஒட்டி உருவான பெயர் இது. தமிழில் கடற்பன்றி. ஓங்கிலுக்குக் கூம்புப் பல், கடற்பன்றிக்கு மண்வெட்டி போல் தட்டைப் பல். மூக்கும் நீளாது, முகம் மழுங்கியிருக்கும். சீனத்தின் யாங்சி ஆற்றில் முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி ஒன்று நன்னீரில் மட்டுமே வாழ்கிறது. கடலையே பார்க்காததைக் கடற்பன்றி என்பது வேடிக்கைதான். சீனர்கள் ‘ஜியாங் துன்’, அதாவது ஆற்றுப் பன்றிக்குட்டி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். நாம் ‘யாங்சிக் கடற்பன்றி’ என்று எழுதலாம். ‘ஆற்றுப்பன்றி’ என்றால் படிப்பவர் சேற்றில் புரளும் பன்றியைத்தான் நினைப்பார்.

அடுத்தது கணக்கெடுப்பு. இந்தச் சொல்லைக் கேட்டால் தலையை எண்ணியது போல் தோன்றும். நீருக்குள் இருப்பதை அப்படி எண்ண முடியாது. ஒரே படகில் இரு குழுக்கள் நின்று, ஒன்றுக்கொன்று சொல்லாமல் குறித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ஒரு குழு 10 பார்த்தது, மற்றது 8, இருவரும் பார்த்தவை 6 என்று வைத்துக்கொள்வோம். பத்தை எட்டால் பெருக்கி ஆறால் வகுத்தால் 13 சொச்சம். பார்த்தவை 12 தான். யார் கண்ணிலும் படாததற்கும் இடம் விட்டால் 13. நீருக்குள் ஒலிவாங்கி இறக்கி, விலங்கு எழுப்பும் ‘கிளிக்’ ஒலிகளைப் பதிவு செய்வதும் உண்டு. அந்த 6,327-ம் 28 ஆறுகளில் 8,500 கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பார்த்து எட்டிய மதிப்பீடுதான். ‘கணக்கெடுப்பு’ வழக்கில் ஊன்றிவிட்டது, இருக்கட்டும்; எண்ணைச் சொல்லும் இடத்தில் மட்டும் ‘மதிப்பீடு’ என்று எழுதுவதே சரி.

பூஜ்யம்கூட இப்படித்தான் கிடைக்கிறது. 2006-இல் யாங்சியில் ஆறு வாரம், இரண்டு கப்பல்களில் தேடியும் பைஜி என்ற ஓங்கில் ஒன்றுகூடத் தென்படவில்லை. அதே ஆற்றின் கடற்பன்றி 2017-இல் 1,012 என்றும், 2022-இல் 1,249 என்றும் மதிப்பிடப்பட்டது. இடையில், 2021-இல், பத்தாண்டு மீன்பிடித் தடை தொடங்கியிருந்தது.

கடைசியாக வாழிடம். ‘நன்னீர் வாழிடம்’ தவறில்லை, ஆனால் அது அலுவலகச் சொல். ஆற்று ஓங்கில் ஆறு முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. இரண்டு ஆறுகள் கூடும் இடம், ஆறு வளையும் இடம், அங்கே தரை குழிந்து நீர் ஆழமாய் நிற்கும் இடம் என்று பார்த்துத்தான் தங்கும். நீரோட்டம் அங்கே தளர்வதால் மீனும் சேரும். இந்த ஆழமான இடத்துக்குத் தமிழில் மடு என்று பெயர். அணை கட்டி நீரைத் திருப்பினால் வேனிலில் ஆறு வற்றி, மடுக்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றுப் போகும். அதனால் கணக்கெடுப்பவர்கள் ஓங்கிலைத் தேடும்போதே ஆற்றின் ஆழத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டே போகிறார்கள்.